கோளாறு டி.வி.யில்தான்

பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சர்வீஸ்காரர் போனில் சொன்னபோது மணி பத்தே முக்கால். அப்போதிருந்து சென்னியப்பன் அந்த டி.வி.க்கு எதிரே சேரைப் போட்டு உட்கார்ந்து, அதை ஓடவிட்டு, அக்கட்ட இக்கட்ட திரும்பாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார், சாமி கும்பிடுகிற மாதிரி. கும்பிடத்தான் செய்கிறார். கோளாறாக இருக்கட்டும். உள்ளே என்னமாவது கருகியிருக்கட்டும், எலி பூந்து ஒயரைக் கடிச்சிருக்கட்டும், இது இனி தேறாதுங்க சார்னு அந்த மனுசன் தன் வாயால சொல்லட்டும். ஆசைப்பட்டு வாங்கின பொருள் நாசமாய்ப் போகட்டும் என்று எவனாவது வேண்டிக்கொள்வானா? இதோ ஒருத்தன் வேண்டிக்கொள்கிறான், ஐம்பத்திரண்டு வயசில், திருப்பூரில், ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக, வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு. விஷயம் இதுதான். நாலு மாசத்துக்கு முன்னால் கோயமுத்தூரிலிருந்து வந்து இறங்கி, நிலைக்கதவைக் கழற்றினால்தான் உள்ளே வருவேன் என்று அடம்பிடித்து, நாலு ஆள் சுமக்க வந்து கூடத்துச் சுவரை முழுசாய் அடைத்துக்கொண்ட இந்தப் பெட்டி, சென்னியப்பனுக்கு மங்கலாகத் தெரிகிறது. நடுவில் செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் நன்றாகத்தான் இருக்கிறது. அகலத் திரையாச்சே, இழுத்த இழுப்பில் கன்னம் ரெண்டும் உப்பி, பொன்னுக்கு வீங்கி வந்தவள் மாதிரி வாசிக்கிறாள், வாசிக்கட்டும். அவள் தோளைத் தாண்டினால்தான் வெளிச்சம் வடிய ஆரம்பிக்கிறது. ஓரத்துக்குப் போகப் போக பொழுது சாய்கிறது. காலை பதினொரு மணிக்குப் பொழுது சாய்கிறது என்றால் கோளாறு பெட்டியில்தானே இருக்க வேண்டும்? பெட்டியில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கிறது என்பது சென்னியப்பனுக்குத் தெரியும். அந்த இடத்துக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் அவர் மனசு சூடு கண்ட பூனையாய்த் திரும்பி ஓடிவருகிறது, ஓடிவந்து மறுபடி பெட்டியில் வந்து முட்டுகிறது.

எதுக்குங்க இத்தனை பெருசு என்று தெரு மொத்தமும் கேட்டது. கிரிக்கெட் பார்க்க என்றார். கிரிக்கெட்டில் அவருக்கு எல்.பி.டபிள்யூ.வுக்கும் ரன் அவுட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பழைய இருபத்தோரு இன்ச்சுப் பெட்டிதான் காரணம். அதுதான் முதலில் மங்க ஆரம்பித்தது. படக்குழாய் போயிருச்சு, எட்டு வருசம் ஓடினா எந்தக் குழாய் தாங்கும் என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு அதைக் காங்கேயத்தில் இருக்கிற மச்சினனுக்குக் கொடுத்தனுப்பினார். கொடுத்த கையோடு விட்டிருக்கலாம். அந்தப் பாவி மனுசன் வாரம் ஒருமுறை போன் போட்டு, மச்சான், புதுசாட்டம் பளிச்சுன்னு ஓடுதுங்க, இதைப் போயி குடுத்துட்டீங்களே என்கிறான். பளிச்சுன்னாம். அவன் வீட்டில் கரண்டு நல்ல கரண்டாக இருக்கும். கோயமுத்தூர்க் கடையில் கண்ணாடிக் கதவு போட்ட இருட்டறைக்குள் கூட்டிப்போய் வரிசையாக ஏழெட்டுப் பெட்டிகளைக் காட்டினார்கள். சுவரில் படம் மாட்டுகிற மாதிரி ஒல்லியாக ஒன்று இருந்தது, அதில் கலர் அடித்துக்கொண்டு வந்தது. அதை விட்டுவிட்டுச் சென்னியப்பன் பீரோ மாதிரி நின்ற இதன் முன்னால் போய் நின்றார். இது பின்னாலிருந்து படம் போடற செட்டுங்க சார், உள்ள செகப்பு, பச்சை, நீலம்னு மூணு குழாய், மூணும் கண்ணாடியில படம் எறியும், கண்ணாடி திரைக்கு எறியும் என்று விற்பனைக்காரர் விளக்கினார். மூணு கலரு என்றதும் தொழில்புத்தி எழுந்துகொண்டது. ஒரே படத்தட்டை மூன்று தடவை ஓடவிடச் சொல்லி, செகப்பு கொஞ்சம் கத்துது, நீலத்தைச் சித்த ஏத்துங்க, தோல் நெறம் இப்ப சரி என்று சொல்லச் சொல்ல அந்த ஆள் வாய் பிளந்து, சாருக்குக் கலர்தான் தொழிலுங்களா என்று கேட்டார். அன்றைக்குச் சென்னியப்பனுக்கு நெஞ்சு எப்படி விரிந்தது தெரியுமா. கலர்தான் தொழில். இருபத்தாறு வருசம். ஆனால் அவர் இதை எடுத்தது கலருக்காக இல்லை, அது அவருக்கே அந்த இருட்டறையில் தெரியும். இதுதான் இருந்ததிலேயே அகலம். ஓரம் தேய்ந்துகொண்டு வருகிறவனுக்கு ஓரம் அதிகமாக உள்ள பெட்டி வேண்டியிருந்தது. தேயத் தேய மிச்சம் இருக்குமல்லவா. மனுசன் புத்தி எங்கெல்லாம் போய் ஒளிந்துகொள்கிறது பாருங்கள்.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இந்தச் சொலவடை இப்போது ஏன் வருகிறது? போ அக்கட்ட. கூடம் கோணல்தான். லாரி ஓட்டின அண்ணனும் அப்படித்தான் சொன்னார். நல்லசிவம் அண்ணன், இவருக்கு எட்டு வயசு மூத்தவர், முதலில் லாரியின் ஹெட்லைட்டைக் குறை சொன்னார். ரெண்டு தடவை பல்பு மாற்றினார். அப்புறம் எதிரில் வருகிறவன் எல்லாம் லைட்டை முகத்தில் அடிக்கிறான் என்றார். அப்புறம் வீட்டில் அறுபது வாட்ஸ் பல்பைப் பிடுங்கிவிட்டு நூறு வாட்ஸ் மாட்டினார், சமையல்கட்டில், கூடத்தில், குளிக்கிற ரூமில்கூட. வோல்ட்டேஜே இல்லீங்க இந்த ஊர்ல என்று கரண்டு ஆபீஸ்காரர்களைத் திட்டாத நாள் கிடையாது. வாசலில் கட்டியிருந்த எருமை மேல் நேராகப் போய் முட்டிக்கொண்டு விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக ஒப்புக்கொண்டார். அண்ணன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூட நின்றது சென்னியப்பன். டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். கண்ணுக்குள்ள அழுத்தம், வலி இருக்காது, சத்தம் போடாம ஓரத்திலிருந்து தின்னுக்கிட்டே வரும், போனது போனதுதான், முன்னாடியே வந்திருந்தா சொட்டு மருந்து விட்டு இருக்கிறதைக் காப்பாத்தியிருக்கலாம். சொல்லிவிட்டுச் சென்னியப்பனை நிமிர்ந்து பார்த்து, கூடப் பொறந்தவங்களா, அப்ப நீங்களும் வருசம் ஒருவாட்டி காட்டிக்கணும் என்றார். சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்து ஒன்பது வருசம். ஒருவாட்டிகூடப் போகவில்லை. முதல் வருசம் ஆர்டர் அதிகம். ரெண்டாவது வருசம் மகள் கல்யாணம். மூணாவது வருசத்திலிருந்து காரணமே தேவைப்படவில்லை, பயமே போதுமானதாக இருந்தது. போனால் சொல்லிவிடுவார்களே. சொல்லாத வரைக்கும் இல்லைதானே. டி.வி. வந்த மறுநாள் அண்ணனை மருமகள் கைபிடித்துக் கூட்டிவந்தாள். அண்ணன் பெட்டியைத் தடவிப் பார்த்தார். ரெண்டு கையையும் விரித்து அகலத்தை அளந்து பார்த்தார், கை எட்டவில்லை. இத்தனை பெருசு எதுக்குக் கண்ணு என்று கேட்டார். கிரிக்கெட்டுக்குங்கண்ணா என்றார் சென்னியப்பன். அண்ணன் கையைப் பெட்டி மேலிருந்து எடுக்காமலே, நானும் நூறு வாட்ஸ் பல்பு மாட்டினேன் கண்ணு என்றார். அவ்வளவுதான். சென்னியப்பன் காப்பி கொண்டாறன் என்று உள்ளே போய், அண்ணன் கிளம்புகிறவரைக்கும் கூடத்துப் பக்கமே வரவில்லை.

கண்ணு, கண்ணு. இந்த ஊரில் வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான். வா கண்ணு, சாப்பிட்டியா கண்ணு, காய்காரம்மாவுக்கும் கண்ணு, கண்டக்டருக்கும் கண்ணு. முன்பெல்லாம் காதில் விழுந்ததே இல்லை, இப்போது ஒவ்வொன்றும் முள்ளாய்த் தைக்கிறது. பெட்டி வந்த அன்று ஊர்க் கண்ணு பட்டிருக்கும் என்று பொண்டாட்டி தெய்வானை மிளகாயும் உப்பும் எடுத்து அந்த டி.வி.க்குச் சுற்றிப் போட்டாள். மூன்று சுற்று. பக்கத்தில் நின்றுகொண்டு சென்னியப்பன், எனக்குச் சுத்திப் போடு தாயி, எனக்கு என்று மனசுக்குள் கத்தினார். வெளியே சொன்னாரா? சிரித்தார். சாயப்பட்டறையில் அவருக்கு ஷேடு மாஸ்டர் என்று பெயர். வெளிநாட்டுக்காரன் அனுப்புகிற துண்டுத் துணியின் நிறமும், பட்டறையில் சாயம் ஏறி வந்த துணியின் நிறமும் ஒன்றா என்று பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அந்த லாட்டுச் சரக்கு நகரும். சின்னப் பெட்டிக்குள் விதவிதமான லைட்டைப் போட்டு, அதில் துணியைக் காட்டிப் பார்ப்பார். டியூப்லைட்டில் ஒட்டுகிற கலர் வெயிலில் ஒட்டாது. வெயிலில் ஒட்டுகிறது கடை லைட்டில் காலை வாரும். குத்தம் துணியில இல்ல, லைட்டுல என்று எத்தனை தகராறை அவர் அந்த ஒரு வார்த்தையில் தீர்த்திருக்கிறார். லைட்டைக் குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற மனுசனய்யா அவர், அவருக்குப் போய் யார் சொல்லித்தர முடியும். போன மாசம் கறுப்பு பனியனுக்குக் கருநீல நேவி காலரைச் சரி என்று சொல்லிவிட்டார். லேபில் வேலை பார்க்கிற கௌசல்யா பார்த்துவிட்டாள். சார், இது நேவிங்களே என்றாள் மெதுவாக. உன்னைய சோதிச்சுப் பார்த்தேன் என்று சிரித்து மழுப்பினார். அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டையும் அவளிடம் நீட்டி, நீ சொல்லு பாக்கலாம் என்று வாத்தியார் மாதிரி கேட்கிறார். அவள் சொன்னதைத்தான் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்துகொண்டு தெரியாத மாதிரி நிற்கிறாள், அந்த மரியாதை செருப்பால் அடிப்பதைவிட வலிக்கிறது. நாளைக்குத் திங்கட்கிழமை. வெளிநாட்டுக்காரனின் ஆள் நேரில் வருகிறார். லைட் பெட்டிக்கு முன்னால் அவரும் சென்னியப்பனும் மட்டும்தான் உட்கார வேண்டும், பதினாறு ஷேடு. கௌசல்யா அந்த ரூமுக்குள் வரமுடியாது.

ஆனால் தெய்வானை இருக்கிறாள். அதுதான் சென்னியப்பனின் ஒரே பிடி. முங்குகிறவனுக்குக் கிடைத்த கட்டை. தெய்வானைக்கும் இருட்டாகத்தான் தெரிகிறது. அவள் கண்ணில் ஒரு குறையும் கிடையாது, ஊசியில் நூல் கோர்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளிடம்தான் வருகிறார்கள். பெட்டி வந்த முதல் வாரம், இவர் இந்தச் சேரில், அவள் இதோ இப்போது உட்கார்ந்திருக்கிற மாதிரியே கீழே, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, மடியில் முறத்தை வைத்துச் சின்ன வெங்காயம் உரித்தபடி. சேரில் உட்கார்ந்தால் கால் தொங்கி இடுப்புப் பிடிக்கிறது என்பாள், கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தரைதான். சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டார், படம் இருட்டா இருக்குதல்ல? ஆமாங்க, இருட்டாத்தானுங்க இருக்குது என்றாள். அந்த ஒரு வார்த்தையில் சென்னியப்பனுக்கு உயிர் திரும்பி வந்தது. எந்திரித்துப் போய்ப் புழக்கடையில் நின்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தார். அப்புறம் நாள் தவறாமல் கேட்டார், மருந்து குடிக்கிற மாதிரி. இன்னைக்கு இருட்டா? இருட்டுத்தானுங்க. நேத்தைக்கு இன்னிக்கு எப்படி? அதேதானுங்க. ஒருநாள் அவளாகவே, ஏனுங்க, மூலையில அந்தச் சேனல் முத்திரை ஒட்டிக்கிச்சு பாத்தீங்களா, வேற சேனல் மாத்தினாலும் நெழலாட்டம் அங்கேயே கெடக்குது என்றாள். எந்த மூலையில்? கேட்க முடியவில்லை. ஆமா, ஒட்டிக்கிச்சு என்றார். அவள் உள்ளே போனதும் எழுந்து திரையின் பக்கத்தில் போய் நாலு மூலையையும் விரலால் தடவித் தேடினார், அண்ணன் தடவின மாதிரியே. மேலே வலதுபக்கம் இருந்தது. தலையைத் திருப்பி நேராக வைத்துப் பார்த்தால் இருந்தது, சேரில் வந்து உட்கார்ந்தால் இல்லை. சரி, அது வேற கோளாறு. மூலை தனி, வெளிச்சம் தனி. அவளுக்கும் இருட்டு, எனக்கும் இருட்டு, அப்போது இருட்டு பெட்டியில். இதில் என்ன சந்தேகம். சாட்சி இருக்கிற வழக்கு தோற்குமா? குளியலறையில் கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலை ஆட்டி ஆட்டி, எப்போது தெரிகிறது என்று பார்ப்பதை விட்டுவிட முடியவில்லை, அது வேறு. ஒருநாள் கதவைத் தாழ் போட மறந்துவிட்டார். யாருக்குங்க டாட்டா காட்டறீங்க என்று கேட்டாள். போனவாரம் காதுக்கு ஒரு விரற்கடை முன்னால் தெரிந்த விரல் இந்த வாரம் கன்னத்துக்கு வந்தால்தான் தெரிகிறது. லைட்டுதான் காரணம். குளியலறை லைட்டு.

வாசலில் வண்டி நின்றது பதினொன்று ஐம்பதுக்கு. சர்வீஸ்காரர் பெயர் ஸ்டீபன், நாற்பது வயசிருக்கும், காதோரம் நரைத்த, அவசரப்படாத மனுசன். வணக்கம் சொல்லிவிட்டுப் பையைக் கீழே வைத்து, சென்னியப்பனின் சேரிலேயே உட்கார்ந்து அஞ்சு நிமிசம் சும்மா பார்த்தார். அப்புறம் பெட்டியை நகர்த்தச் சொல்லி, பின்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, உள்ளே இருந்த கண்ணாடியைத் துணியால் துடைத்தார். துணி கரிப்பிடித்த மாதிரி வந்தது. தூசி. சென்னியப்பன் அந்தத் துணியை வாங்கிப் பார்த்தார். தூசி, வெறும் தூசி, நாலு மாசத்துத் தூசி, அட முட்டாப்பயலே, இதுக்கா இத்தனை நாள் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தாய். ஸ்டீபன் மூடியை மாட்டிப் பெட்டியை ஓடவிட்டார். இப்ப பாருங்க சார் என்றார். சென்னியப்பன் பார்த்தார். நடுவில் முகம் இருந்தது. தோளைத் தாண்டினால் பொழுது சாய்ந்துகொண்டே இருந்தது.

செட்டுல ஒரு கோளாறும் இல்லீங்க, மூணு குழாயும் புதுசாட்டம் இருக்குது, அந்த முத்திரை மட்டும் ஒரே சேனலை ஓடவிட்டதுல பதிஞ்சுருச்சு என்று ஸ்டீபன் சொன்னார். இல்லீங்க, மங்கலா இருக்குது என்றார் சென்னியப்பன். நல்லா பாருங்க, இன்னொருக்கா கழட்டிப் பாருங்க, நான் கலர் தொழில்ல இருக்கறவன், எனக்குத் தெரியாதா என்றார். ஸ்டீபன் பொறுமையாகத் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை டாக்டரம்மாவின் பார்வை மாதிரி இருந்தது. நான் ஒருத்தன் சொன்னா நம்ப மாட்டீங்க, எம் பொண்டாட்டியைக் கேளுங்க என்று கையைக் கீழே நீட்டினார்.

"எனக்கும் இருட்டாத்தானுங்க இருக்குது," என்றாள் தெய்வானை, வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

கேட்டீங்களா என்பதுபோல் சென்னியப்பன் நின்றார். ஸ்டீபன் வந்து, தெய்வானைக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அண்ணாந்து திரையைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"இங்கிருந்து பாத்தா எனக்கும் இருட்டுத்தானுங்க அக்கா. இது பின்னாலிருந்து படம் போடற செட்டு. வெளிச்சம் நேரா மட்டும்தான் வரும், கீழ உக்காந்தா உங்க தலைக்கு மேல போயிரும். நம்மூர்ல பாதிப் பேரு இப்படித்தான் தரையில உக்காந்துட்டு எனக்குப் போன் போடறாங்க. அந்தச் சேர்ல உக்காந்து பாருங்க."

வேண்டாங்க, அவளுக்குச் சேர் ஆகாது, இடுப்புப் புடிக்கும் என்று சென்னியப்பன் சொன்னார். தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எந்திரிக்காதே தாயி, உனக்குப் புண்ணியமாய்ப் போகும், அங்கேயே இரு, இன்னும் ஒருநாள், நாளைக்கு மட்டும் என்று உள்ளே கெஞ்சிக்கொண்டிருந்தார். தெய்வானை முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி எழுந்தாள். கால் தொங்க, விருந்தாளி மாதிரி சேரின் நுனியில் உட்கார்ந்தாள். திரையில் தினமும் வருகிற அந்தப் பட்டுச்சேலை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் அந்த வெளிச்சம் விழுந்தது.

"இத்தனை வெளிச்சமா இருக்குது," என்றாள். "நாலு மாசமா இந்த முந்தானையக் கறுப்புன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன். அரக்குங்க அது. நல்ல அரக்கு."

ஸ்டீபன் பையில் சாமானை எடுத்து வைத்தார். தெய்வானை சிரித்த முகத்தோடேயே சேரின் கைப்பிடியைத் தடவினாள், தடவிக்கொண்டே இருந்தாள், அப்புறம் கை நின்றது. கொஞ்சம் தாமதித்துச் சிரிப்பும் நின்றது. அவள் திரையை விட்டுவிட்டுப் புருசனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க எப்பவும் இந்தச் சேர்லதானுங்களே உக்காந்து பாத்தீங்க?"

வோல்ட்டேஜ் என்று சொல்லலாம். கேபிள்காரன் என்று சொல்லலாம். ராத்திரி சரியாத் தூக்கமில்லை, கண்ணாடி மாத்தணும், நான் சும்மா சொன்னேன், எத்தனையோ இருந்தது சொல்ல. சென்னியப்பன் திரையைப் பார்த்தார். அந்த முந்தானையை இருபத்தாறு வருசத் தொழிலையும் கூட்டிச் சேர்த்து உற்றுப் பார்த்தார். பக்கத்தில் வேற்று ஆள் நிற்கிறார் என்பதுகூட அப்போது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

"எனக்கு அது கறுப்பாத்தான் இருக்குது தெய்வானை," என்றார்.